மறு: டிஸ்லிப்பிடீமியா: நீரிழிவுச் சுண்டெலிக்கும் பொருந்துகிற ஒரு தமிழ்ச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டிஸ்லிப்பிடீமியாவுக்கு, அதாவது ரத்தத்தில் உள்ள கொழுப்புகளின் அளவோ தன்மையோ இயல்பு மாறி நிற்கும் நிலைக்கு, தமிழில் என்ன சொல்வது என்று பேசுகிற இந்த மடலிழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்றுதான் உட்கார்ந்து எழுத நேரம் வாய்த்தது. கடிதம் கொஞ்சம் நீளம். ஒன்பது ஆண்டுகள் ஓர் ஆய்வகத்தின் விலங்குக் கூடத்தில் வேலை பார்த்தேன். நீரிழிவுச் சுண்டெலிகளின் வால் நுனியிலிருந்து ரத்தம் எடுத்து, கொழுப்பளவு பார்த்து, வாரா வாரம் பதிவேட்டில் எழுதி வந்தேன். அதனால் இந்த ஒரு சொல் சரியாக அமைந்துவிட வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

> அக்கா, என் ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும். நீரிழிவுள்ள சுண்டெலிகளில் வயது கூடக்கூட டிஸ்லிப்பிடீமியா எப்படி மாறுகிறது என்பதுதான் பொருள். 'மிகைக் குருதிக்கொழுப்பு' என்று போட்டால் போதுமா?

போதாது தம்பி. 'மிகை' என்பது ரத்தத்தில் கொழுப்பு கூடிப்போவதைக் குறிக்கும் ஹைப்பர்லிப்பிடீமியாவுக்கு உரிய சொல். அதை எடுத்து இதற்குப் போட்டால் இரண்டு வேறு கருத்துகள் ஒரே பெயரில் ஒட்டிக்கொள்ளும். மருத்துவர்கள் இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீரிழிவு வந்த மனிதரின் ரத்தத்தைப் பாருங்கள். டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும். நாம் 'நல்ல கொழுப்பு' என்று சொல்கிற எச்.டி.எல் இறங்கும். 'கெட்ட கொழுப்பு' என்கிற எல்.டி.எல் அளவில் பெரிதாக மாறாமலே இருக்கலாம். ஆனால் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் அதன் துகள்கள் சிறுத்து, அடர்த்தி கூடி, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதில் நுழைகிறவையாகிவிடும். ஒன்று ஏற்றம், ஒன்று இறக்கம், ஒன்று உருமாற்றம். இதில் 'மிகை' என்ற சொல் பொருந்துவது முதலாவதற்கு மட்டும்.

சுண்டெலிக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. மனித ரத்தத்தில் சி.இ.டி.பி என்றொரு புரதம் உண்டு. எச்.டி.எல்லில் இருக்கும் கொலஸ்ட்ராலை மற்றத் துகள்களுக்கு மாற்றிவிட்டு, பதிலுக்கு டிரைகிளிசரைடை வாங்கி வருவது அதன் வேலை. சுண்டெலிக்கு அந்தப் புரதமே கிடையாது. ஆகவே சுண்டெலியின் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி எச்.டி.எல்லிலேயே தங்கிவிடுகிறது. மனிதரில் பெரும்பகுதி எல்.டி.எல்லில் இருக்கிறது. சாதாரணச் சுண்டெலிக்கு ரத்தக்குழாய் அடைப்பு எளிதில் வராததற்கு இது ஒரு முக்கியமான காரணம். அதனால்தான் அடைப்பை ஆராய விரும்பியவர்கள் 1992இல், கொழுப்புத் துகள்களை ரத்தத்திலிருந்து அகற்ற உதவும் அபோ-இ புரதத்தின் மரபணுவை நீக்கிய சுண்டெலியையும், 1993இல், எல்.டி.எல்லைச் செல்லுக்குள் வாங்கிக்கொள்ளும் ஏற்பியை நீக்கிய சுண்டெலியையும் உண்டாக்க வேண்டியிருந்தது.

இதன் விளைவைக் கவனியுங்கள். பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இல்லாமல் பிறந்து பருத்துப்போகிற ஓபி/ஓபி சுண்டெலியில் எச்.டி.எல் கூடுகிறது. கல்லீரல் எச்.டி.எல்லை ரத்தத்திலிருந்து அகற்றும் வேகம் குறைந்துவிடுவதே காரணம். அதாவது இன்சுலின் வேலை கெட்ட மனிதருக்கு இறங்குகிற அதே பொருள் இந்தச் சுண்டெலியில் ஏறுகிறது. உங்கள் அட்டவணையில் 'மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியது' என்று ஒரு வரி இருந்தால், அதைப் படிக்கிற தமிழ் வாசகர் தன் ரத்தப் பரிசோதனைத் தாளை நினைத்துக்கொண்டு 'கெட்ட கொழுப்பு கூடியது' என்றே எடுத்துக்கொள்வார். கூடியதில் எவ்வளவு எச்.டி.எல் என்று நீங்கள் பிரித்துச் சொல்லியாக வேண்டும். திசையை முன்கூட்டியே சொல்லிவிடுகிற சொல் எதுவும் இங்கே ஆகாது. நான் வலியுறுத்த வந்தது இதைத்தான்.

சொல்லுக்குப் போவதற்கு முன் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சுண்டெலியின் உடம்பில் மொத்த ரத்தமே 2 மில்லிக்குச் சற்று முன்பின்தான். வாலிலிருந்து எடுப்பது சில துளிகள். அதை மயிரிழைபோல ஒல்லியான கண்ணாடிக் குழாயில் ஏற்றிச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படிந்து, மேலே நீர்ப்பகுதி தெளியும். நலமான சுண்டெலியில் அது வெளுத்த மஞ்சளாக, தெளிவாக இருக்கும். குழாய்க்குப் பின்னால் பதிவேட்டுக் கோடுகள் தெரியும். நீரிழிவு முற்றிய சில சுண்டெலிகளில் கோடுகள் தெரியாது. இரண்டாம் முறை பிழிந்த தேங்காய்ப் பால்போலக் கலங்கி நிற்கும். முதல் தடவை பார்த்தபோது குழாயை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று நினைத்து மறுபடியும் ரத்தம் எடுத்தேன். மறுபடியும் அதே பால்.

அந்தக் குழாயைக் குளிர்பெட்டியில் ஓர் இரவு ஆடாமல் வைத்துவிட்டுக் காலையில் பார்க்க வேண்டும். மேலே ஆடை படிந்திருந்தால் அது குடலிலிருந்து வந்த கைலோமைக்ரான், அதாவது சாப்பாட்டுக் கொழுப்பு. ஆடையே இல்லாமல் முழுவதும் கலங்கலாகவே நின்றால் அது கல்லீரல் தயாரித்து அனுப்பிய வி.எல்.டி.எல் என்ற கொழுப்புத் துகள். பால் காய்ச்சுகிற எந்த வீட்டிலும் 'ஆடை' என்ற சொல் உண்டு. இந்தப் பரிசோதனையைத் தமிழில் விளக்க எனக்கு ஒரு கலைச்சொல்லும் தேவைப்படவில்லை.

'நீரிழிவு' என்ற சொல்லையும் நான் கூண்டில்தான் புரிந்துகொண்டேன். இழையில் ஒருவர் அதில் 'இழிவு' இருக்கிறது, நோயாளியைத் தாழ்த்துகிறது, மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார். இழிதல் என்றால் இறங்குதல், வழிந்தோடுதல். மலையிலிருந்து அருவி இழிகிறது என்பது பழைய வழக்கு. கிரேக்கத்தில் 'டயாபிட்டீஸ்' என்பதற்கும் ஊடே வழிந்தோடுவது என்றே பொருள். நலமான சுண்டெலிகளின் கூண்டில் மரத்தூளை வாரத்திற்கு ஒரு முறை மாற்றினால் போதும். நீரிழிவுச் சுண்டெலிகளின் கூண்டில் காலையில் போட்ட தூள் மறுநாளே சொதசொதவென்று நனைந்து கிடக்கும். தண்ணீர்ப் புட்டியும் காலியாகியிருக்கும். நீர் இழிவதை அப்படிக் கண்ணெதிரே பார்த்த பிறகு அந்தச் சொல்லை விட எனக்கு மனம் இல்லை.

> எங்களுடைய இலங்கைப் பாடப்புத்தகங்களில் லிப்பிடுக்கு இலிப்பிட்டு, சீரத்துக்கு நீர்ப்பாயம் என்றுதான் படித்தோம். வாட்டில் நோயாளிகள் நீரிழிவைச் சலரோகம் என்பார்கள். இந்தியத் தமிழில் இவை எதுவும் இல்லாமல் புதிதாக ஆக்குவதைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

மருத்துவர் அம்மா சொல்வது நியாயம். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, தமிழில் நூல்களும் வெளியிட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய சொற்களை நாம் பார்க்காமலே புதுச்சொல் ஆக்கிவிடுகிறோம். ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்துக்கு 'நீர்ப்பாயம்' எனக்குப் பிடித்திருக்கிறது. இனி என் குறிப்புகளில் அதையே எழுதப்போகிறேன். ஆனால் 'இலிப்பிட்டு' ஒலிபெயர்ப்புதானே. அதைவிட இங்கே பலர் எழுதிவருகிற 'கொழுமியம்' நல்லது என்று நினைக்கிறேன். காரணம் இது: 'கொழுப்பு' என்ற சொல் ஏற்கெனவே மூன்று இடங்களில் வேலை பார்க்கிறது. கறிக்கடையில் அது வெள்ளையாக ஒட்டியிருக்கும் சதை. மருத்துவமனையில் 'கொழுப்பு 220' என்றால் கொலஸ்ட்ரால். சண்டையில் அது திமிர். டிரைகிளிசரைடு, கொலஸ்ட்ரால், பாஸ்போலிப்பிடு, தனிநிலைக் கொழுப்பமிலம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு குடைப்பெயர் வேண்டும் என்றால் கொழுப்பு என்று வைக்க முடியாது. கொழுமியம் என்றால் வேர் தெரிகிறது, குழப்பமும் இல்லை.

இப்போது வயது.

> 'வயது' வடசொல் ஆயிற்றே. 'மூப்புவழி மாற்றம்' என்று எழுதினால் அழகாக இருக்கும்.

ஐயா, தங்கள் தமிழறிவின் முன் நான் சின்னவள். ஆனால் இந்த இடத்தில் 'மூப்பு' உண்மைக்கு மாறாகிவிடும். தம்பி வைத்திருப்பது டிபி/டிபி என்ற பருத்த நீரிழிவுச் சுண்டெலி. இது அமெரிக்காவில் மெயின் மாநிலத்து பார் ஹார்பர் ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில், தானாகத் தோன்றி 1966இல் அறிவிக்கப்பட்ட மரபணு மாற்றம். அதே ஆய்வகத்தில்தான் 1949இல் ஓபி/ஓபி சுண்டெலியும் கிடைத்தது. அங்கே பணிபுரிந்த டக்ளஸ் கோல்மன் இந்த இரண்டையும் நலமான சுண்டெலியோடு உடலொட்டி, ரத்த ஓட்டத்தை இணைத்துப் பார்த்தார். டிபி/டிபியோடு இணைந்த நலமான சுண்டெலி உணவைத் தொடாமல் பட்டினியில் செத்தது. டிபி/டிபி சுண்டெலி 'போதும்' என்ற செய்தியை மிகுதியாகச் சுரக்கிறது, ஆனால் அதுவே அந்தச் செய்தியைக் கேட்க முடியாமல் இருக்கிறது என்று அவர் ஊகித்தார். அந்தச் செய்தியை 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்து, பிறகு 'ஒல்லி' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயரிட்டது. டிபி/டிபியில் பழுதானது லெப்டினை வாங்கிக்கொள்ளும் ஏற்பி என்பது அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் தெளிவாயிற்று.

இந்தச் சுண்டெலியின் வாழ்க்கை வேகமானது. பிறந்த 10 முதல் 14 நாளில் ரத்தத்தில் இன்சுலின் ஏறத் தொடங்கும். 3 அல்லது 4 வாரத்தில் பார்த்தாலே பருமன் தெரியும். 4 முதல் 8 வாரத்திற்குள் சர்க்கரை ஏறும். பி.கே.எஸ் என்ற ஆய்வகக் குலவழியில் வளர்ந்தால் பிறகு 400ஐத் தாண்டிப் போகும், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் தேய்ந்துபோகும், 10 மாதத்திற்குள் இறந்துவிடும். நலமான ஆய்வகச் சுண்டெலி இரண்டு, இரண்டரை ஆண்டு வாழக்கூடியது. 3 முதல் 6 மாதச் சுண்டெலியை 20, 30 வயது மனிதரோடு ஒப்பிடுவது வழக்கம். கிழம் என்று சொல்ல 18 மாதமாவது ஆக வேண்டும். ஆக, தம்பியின் சுண்டெலிகள் மூப்பைக் காண்பதே இல்லை. இளமையிலேயே நோய் முற்றிப் போகின்றன. 'மூப்பு' என்று எழுதினால் படிப்பவர் கிழட்டு எலியை நினைப்பார். வயது என்றே இருக்கட்டும். அகவை என்றாலும் எனக்கு மறுப்பில்லை. 8 வார வயது, 16 வார வயது என்று கூடத்தில் சொல்கிறபடியே எழுதலாம்.

ஆனால் வயது என்ற ஒரே சொல்லும் போதவில்லை. டிபி/டிபியில் உடம்புக்கும் நோய்க்கும் கடிகாரம் ஏறக்குறைய ஒன்றாக ஓடுகிறது. ஸ்டிரெப்டோசோட்டோசின் கொடுத்த சுண்டெலியில் அப்படி இல்லை. அது ஒரு மண் நுண்ணுயிரியிலிருந்து வந்த பொருள். உருவத்தில் குளுக்கோஸை ஒத்திருப்பதால் பீட்டா செல்லின் குளுக்கோஸ் வாசல் வழியே உள்ளே போய் அந்தச் செல்லையே அழித்துவிடும். ஊசி போட்ட சில நாளில் நீரிழிவு. 8 வாரத்தில் ஊசி போட்டு 16 வாரத்தில் ரத்தம் எடுத்தால் உடலுக்கு வயது 16 வாரம், நோய்க்கு வயது 8 வாரம். 30 வாரத்தில் போட்டால் கணக்கே வேறு. எனவே 'நோய்வயது' என்று ஒரு தனிச்சொல் வேண்டும் என்று கேட்கிறேன். மருத்துவமனையிலும் இது உதவும். 'சர்க்கரை வந்து எத்தனை வருஷம் ஆச்சு?' என்று மருத்துவர் கேட்பது நோய்வயதைத்தான்.

இந்த இரண்டு வயதையும் எப்படிப் பிரித்தறிவது? ஒரே தாய்க்கு ஒரே ஈற்றில் பிறந்து, அந்த மரபணு ஒரு பக்கம் மட்டும் பழுதாகி ஒல்லியாகவே இருக்கிற குட்டியை அருகில் வைத்து ஒப்பிடுவார்கள். இரண்டுக்கும் வயது ஒன்று, தாய்ப்பால் ஒன்று, கூடம் ஒன்று. நோய் மட்டும் வேறு. தம்பி இதற்கு 'ஒரே குப்பை உடன்பிறப்பு' என்று எழுதியிருந்ததைப் பார்த்து மனம் நொந்தேன். 'லிட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லின் இன்னொரு பொருள் அகராதியிலிருந்து அப்படியே வந்துவிட்டது. மாடு வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். தலையீற்று, இரண்டாம் ஈற்று என்று சொல்வார்கள். 'ஓரீற்றுக் குட்டி' என்று எழுதினால் போதும். இந்தச் சொல்லை என் அம்மாச்சி கேட்டாலும் புரிந்துகொண்டிருப்பார்.

அதேபோல தலைப்பில் 'எலி' என்று சுருக்க வேண்டாம். ஆய்வகத்தில் எலி வேறு, சுண்டெலி வேறு. இரண்டிலும் நீரிழிவு ஆய்வு நடக்கிறது.

சரி, இப்போது மையச் சொல். இழையில் வந்தவற்றை ஒவ்வொன்றாக டிபி/டிபியின் உடம்பில் வைத்துப் பார்த்தேன். அதற்கு முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

இன்சுலின் சர்க்கரைக்கு மட்டும் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கொழுமியத்துக்கும் அதுதான் காவல். கொழுப்புத் திசுவில் சேமித்ததை வெளியே விடாமல் பூட்டி வைப்பது இன்சுலின். கல்லீரல் வி.எல்.டி.எல் கட்டி அனுப்புவதை அடக்குவதும் இன்சுலின். ரத்தக்குழாய்ச் சுவரில் நின்று டிரைகிளிசரைடை உடைத்துத் திசுவுக்குள் இறக்குகிற லைப்போபுரத லைப்பேஸ் என்ற நொதிக்கு, கொழுப்புத் திசுவில் ஊக்கம் தருவதும் அதுவே. இன்சுலின் குறைந்தாலோ, இருந்தும் அதன் பேச்சு எடுபடாமல் போனாலோ மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் விட்டுப்போகும். பூட்டு திறந்து கொழுப்பமிலம் வழியும், கல்லீரல் அதை வாங்கி டிரைகிளிசரைடாகக் கட்டி அனுப்பும், வந்ததை இறக்கிக்கொள்ள ஆள் குறையும். ரத்தம் பாலாகும்.

டிபி/டிபியில் வயது கூடக்கூடக் கதை மாறுகிறது. தொடக்க வாரங்களில் இன்சுலின் மிக அதிகம். சர்க்கரையை அடக்கச் சொல்லும் அதன் கட்டளையைக் கல்லீரல் கேட்பதில்லை. ஆனால் கொழுப்பைப் புதிதாகச் செய்யச் சொல்லும் கட்டளையை மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் டிரைகிளிசரைடு ஏறும், கல்லீரலிலும் கொழுப்பு தேங்கும். பின்னாளில் பி.கே.எஸ் குலவழியில் பீட்டா செல்கள் தேய்ந்து இன்சுலின் இறங்கும். அப்போது பூட்டுத் திறப்பு பெரிதாகிறது. கொழுப்புத் திசு கரைந்து, பருத்த சுண்டெலி எடை இழக்கத் தொடங்கும். 6 வாரத்திலும் 24 வாரத்திலும் டிரைகிளிசரைடு கூடுதலாகவே இருக்கலாம்; அவற்றின் பின்னால் இருக்கும் காரணம் ஒன்றல்ல. அதே டிபி மரபணுவை பிளாக் 6 என்ற இன்னொரு குலவழியில் வைத்தால் பீட்டா செல்கள் இருக்கும் கணையத் திட்டுகள் பெருத்து ஈடுகொடுக்கும், சர்க்கரை அந்த அளவுக்கு முற்றாது. மரபணு ஒன்று, குலவழி வேறு, வயதோடு போகும் பாதை வேறு.

இனி சொற்கள்.

'கொழுப்புச் சீர்கேடு' வேண்டாம். சுகாதாரச் சீர்கேடு, நிர்வாகச் சீர்கேடு என்று கேட்டுக் கேட்டு, அந்தச் சொல்லில் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு ஏறிவிட்டது. நோயாளியின் கையில் தருகிற தாளில் அது வரக்கூடாது. 'பிறழ்வு' மனப்பிறழ்வோடு ஒட்டிக்கொண்டது. அதோடு, நேர்கோடு ஒன்று இருந்து அதிலிருந்து விலகியது போன்ற தோற்றம் தருகிறது.

'கோளாறு' பலருக்குப் பிடித்திருக்கிறது. எளிய சொல்தான். ஆனால் கோளாறு என்றால் உறுப்பு அல்லது பொறி பழுதாகிவிட்டது என்று பொருள். இங்கே பழுது இன்சுலின் பக்கத்திலோ லெப்டின் பக்கத்திலோ இருக்கிறது. கொழுமியத்தில் தெரிவது அதன் விளைவு. நீர்ப்பாயத்தில் அளந்து காண்கிற ஒரு நிலை. அந்த நிலைக்குப் பெயர் வேண்டும்.

'திரிபு' என்ற சொல்லைத்தான் நான் முதலில் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். பால் திரிந்துபோயிற்று என்கிறோம். பாலின் அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, தன்மை மாறிவிட்டது. புணர்ச்சி இலக்கணத்திலும் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று வைத்திருக்கிறார்களே, அதில் நடுவில் நிற்பது திரிதல். அந்தப் பாலான நீர்ப்பாயத்தைப் பார்த்தவளுக்கு வேறு சொல் தோன்றுமா? மூன்று நாள் அதையே எழுதிப் பார்த்தேன். பிறகு தம்பியின் முதல் வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டேன். லெப்டின் ஏற்பியின் மரபணுவில் உள்ளது திரிபு. கொரோனா காலத்தில் டெல்டா திரிபு, ஒமிக்ரான் திரிபு என்று செய்திகளில் படித்து எல்லோர் மனத்திலும் அந்தச் சொல் மரபணுவோடு சேர்ந்துவிட்டது. 'மரபணுத் திரிபால் கொழுமியத் திரிபு ஏற்பட்ட சுண்டெலி' என்றால் படிப்பவர் எதை எதோடு சேர்ப்பார்? விட மனமில்லாமல்தான் விட்டேன்.

சொல் கிடைத்தது வீட்டில். போன ஞாயிற்றுக்கிழமை அத்தை பரிசோதனைத் தாளை எடுத்து வந்து மேசையில் விரித்தார். 'டிரைகிளிசரைடு கூட, நல்ல கொழுப்பு கம்மி, இன்னொண்ணு சரியா இருக்காம். எல்லாம் ஏறுமாறா இருக்குன்னு சொல்லிட்டார்' என்றார். அப்புறம் மாத்திரை டப்பாவைத் தேடப் போய்விட்டார். நான் அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏறுமாறு. ஏறுவதும் இருக்கிறது, மாறுவதும் இருக்கிறது. எது எந்தப் பக்கம் போனது என்று சொல் தீர்மானிப்பதில்லை. ஒன்றுக்கொன்று இசையாமல் நிற்கின்றன என்று மட்டும் சொல்கிறது. மனிதரில் எச்.டி.எல் இறங்கினாலும் பொருந்துகிறது, சுண்டெலியில் ஏறினாலும் பொருந்துகிறது. 6 வாரத்தில் ஒரு காரணத்தாலும் 24 வாரத்தில் வேறொரு காரணத்தாலும் வருகிற நிலைக்கும் பொருந்துகிறது. யார் மேலும் பழி இல்லை. 'குருதிக் கொழுமிய ஏறுமாறு' என்று முதல் முறை முழுதாக எழுதலாம். 'குருதி' முதலில் கட்டாயம் வேண்டும். இந்தச் சுண்டெலிகளின் கல்லீரலிலும் கொழுப்பு தேங்குகிறது, இரண்டையும் வாசகர் குழப்பிக்கொள்ளக்கூடாது. அதற்குப் பிறகு 'கொழுமிய ஏறுமாறு' போதும்.

இலக்கணத்துக்கும் தொல்லை இல்லை. வரலாறு, வரலாற்றை, வரலாற்றின் என்பதுபோல ஏறுமாறு, ஏறுமாற்றை, ஏறுமாற்றின். பெயரடையாக வேண்டுமென்றால் ஏறுமாறான. பேச்சு வழக்குச் சொல் கலைச்சொல்லுக்கு ஆகுமா என்று ஐயா தயங்கக்கூடும். லெப்டினுக்குப் பெயர் வைத்தவர்கள் 'ஒல்லி' என்ற சாதாரணச் சொல்லைத்தானே எடுத்தார்கள், ஐயா.

இதில் எனக்கு இன்னொரு நிறைவு. விட்டுவிட வேண்டியிருந்த சொற்களுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. மரபணுவில் திரிபு, இன்சுலின் செயலில் கோளாறு, குருதிக் கொழுமியத்தில் ஏறுமாறு. காரணம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிவருவது சொற்களிலேயே தெரிகிறது.

தம்பி, உங்கள் சுருக்கத்தின் தொடக்கத்தை இப்படி எழுதிப் பார்த்தேன். எண்களை நீங்கள் நிரப்புங்கள்.

"லெப்டின் ஏற்பி மரபணுவில் திரிபு உள்ள டிபி/டிபி சுண்டெலிகளிலும், அவற்றின் ஒல்லியான ஓரீற்றுக் குட்டிகளிலும், 8, 12, 16 வார வயதுகளில் நீர்ப்பாயத்தின் டிரைகிளிசரைடு, மொத்தக் கொலஸ்ட்ரால், எச்.டி.எல், தனிநிலைக் கொழுப்பமிலம் ஆகியவை அளக்கப்பட்டன. குருதிக் கொழுமிய ஏறுமாறு வயதோடு எவ்வாறு மாறுகிறது, அம்மாற்றத்தில் நோய்வயதின் பங்கு என்ன என்று ஆராயப்பட்டது. சுண்டெலியின் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் எச்.டி.எல்லில் இருப்பதால் மொத்தக் கொலஸ்ட்ராலின் ஏற்றம் தனியே பொருள்கொள்ளப்படவில்லை."

கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள். இடம் போதவில்லை என்று யார் சொன்னாலும் அது இருக்கட்டும்.

ஒரு சொல் இன்னும் எனக்கு அமையவில்லை. ரத்தம் எடுப்பதற்கு முன் உணவை நிறுத்துகிறோமே, அதற்கு 'வெறும் வயிற்றில்' என்று எழுதியிருக்கிறீர்கள். மனிதருக்குச் சரி, இரவெல்லாம் தூங்கிவிட்டுக் காலையில் பரிசோதனைக்குப் போகிறோம். சுண்டெலி இரவில் தின்று பகலில் தூங்குகிற உயிர். காலையில் அதன் வயிறு நிறைந்திருக்கும். இரவு முழுவதும் உணவை எடுத்துவிட்டால் அதற்கு அது கடும் பட்டினி. உடல் எடையே கணிசமாகக் குறைந்துவிடும், கொழுப்புத் திசு கரைந்து கொழுப்பமிலம் ஏறி, நாம் அளக்க வந்ததையே மாற்றிவிடும். அதனால் காலையில் உணவுத் தட்டை எடுத்துவிட்டு 4 முதல் 6 மணி நேரம் பொறுத்து ரத்தம் எடுப்போம். இதைப் 'பட்டினி' என்றால் கூடுதல், 'வெறும் வயிறு' என்றால் தவறு. 'இரைநிறுத்தம்' என்று வைத்திருக்கிறேன். ஆடு மாடு வளர்க்கிறவர்கள், கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர்கள் யாராவது குழுவில் இருந்தால், கொஞ்ச நேரம் தீனி எடுத்து வைப்பதற்கு உங்கள் பக்கம் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.